கரோன் கால்வாய்க் கரையில் சைக்கிள் பயணம்: போர்தோ முதல் துலூஸ் வரை, முதல்முறை போகிறவர்களுக்கு

பிரான்ஸின் தென்மேற்கில் கரோன் ஆற்றை ஒட்டியே ஒரு கால்வாய் ஓடுகிறது. துலூஸ் நகரத்திலிருந்து காஸ்தே-ஆன்-தோர்த் என்ற சிற்றூர் வரை 193 கிலோமீட்டர், 53 மதகுகள் (படகுகளை ஏற்றி இறக்கும் நீர்க்கதவுகள்). அதன் கரைப்பாதை முழுக்கவே சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் விடப்பட்டிருக்கிறது. பெரும்பகுதி தார் போட்ட பாதை, ஏற்றம் என்று சொல்ல எதுவும் இல்லை, இருபக்கமும் பெரிய பிளேன் மரங்கள். அதுவரை நீண்ட பயணம் போகாதவர்கள்கூட தைரியமாக இறங்கலாம்.

ஓட்டுவது சுலபம்தான். அதற்கு முன்னால் இருக்கிற விசா, ரயில், தங்குமிடம், சாப்பாட்டு நேரம் இவைதான் ஆளைச் சோர்வடைய வைக்கும். எனக்கு இந்த விவரங்களை ஒரே இடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. நீங்களும் அதே அலைச்சல் படவேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். இந்தியாவிலிருந்து போகிறவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்; ஐரோப்பாவிலேயே இருப்பவர்கள் மூன்றாம் பகுதியை விட்டுவிடலாம்.

1. எந்தத் தூரம் உண்மையிலேயே கார் இல்லாதது?

“போர்தோவிலிருந்து துலூஸ் வரை கார் இல்லாத பாதை” என்று பலர் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. மூன்று துண்டுகளாகப் பிரித்துப் பாருங்கள்.

முதல் துண்டு, போர்தோவிலிருந்து சோவ்தேர்-த-கியேன் வரை, ஏறக்குறைய 55 கிலோமீட்டர். பழைய ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக மாற்றியிருக்கிறார்கள். 1937இல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்ற ரோஜே லாபெபியின் பெயர் அதற்கு. போர்தோ நகரத்துக்குள் ஆற்றோரமாகப் போய், லாத்ரேன் அருகே ரயில் பாதையில் ஏறிவிட்டால் கார் தொந்தரவு இல்லை. திராட்சைத் தோட்டங்களுக்கும் காட்டுக்கும் நடுவே மெதுவாக ஏறி இறங்கும்.

இரண்டாம் துண்டு, சோவ்தேரிலிருந்து கால்வாய் வரை. இங்கே தனிப்பாதை கிடையாது. சின்னச் சின்ன ஊர்ச்சாலைகள், கார் குறைவு, ஆனால் மேடு பள்ளம் உண்டு. எந்த வழியில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து 15 முதல் 25 கிலோமீட்டர். குழந்தைகளோடு போகிறவர்களும் சாலையில் ஓட்டிப் பழகாதவர்களும் இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு: போர்தோவிலிருந்து ரயிலில் லாங்கோன் அல்லது லா ரெயோல் போய் இறங்கி, அங்கிருந்து சிறிது தூரம் சாலையில் ஓட்டிக் கால்வாயைப் பிடிக்கலாம்.

மூன்றாம் துண்டு, கால்வாயே. இதுதான் நீங்கள் தேடி வந்தது.

துலூஸில் முடிக்காமல், அப்படியே மத்தியதரைக் கடல் வரை போய்விடலாம் என்று சிலருக்கு ஆசை வரும். ‘மிதி’ (Midi) என்ற இன்னொரு கால்வாய் துலூஸிலிருந்து தொடர்கிறது, உண்மைதான். ஆனால் முதல் 50 கிலோமீட்டர் மட்டும்தான் இதேபோல் வழவழப்பான பாதை. அதற்கப்புறம் வேர்களும் கற்களும் கொண்ட மண்பாதை நிறைய வரும். மழை பெய்தால் சேறு. மெல்லிய டயரோடு அங்கே போகாதீர்கள்.

2. எந்த மாதம்?

மே, ஜூன், செப்டம்பர். இந்த மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் பாதியும் நன்றாக இருக்கும். ஆனால் கூடாரம் அடித்துத் தங்கும் முகாம் இடங்கள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கும். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் வரும். மர நிழல் இருப்பதால் ஓட்டிவிடலாம், ஆனால் அறை கிடைப்பது கஷ்டம், விலையும் கூடும். குளிர்காலத்தில் கரோன் பெருகி வரும். 2021 பிப்ரவரியில் வழியிலுள்ள மார்மாந்து ஊர்ப் பக்கம் வயல்களெல்லாம் வெள்ளக்காடாக இருந்தன. அந்த மாதங்களை விட்டுவிடுங்கள்.

மே மாதத்துக்கு ஒரு எச்சரிக்கை. 1, 8 இரண்டும் விடுமுறை. அதோடு கிறிஸ்தவப் பண்டிகை விடுமுறைகளும் பெரும்பாலும் அந்த மாதத்திலேயே வரும். பிரெஞ்சுக்காரர்கள் இடையில் வரும் வேலைநாளையும் சேர்த்து விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அந்த வாரங்களில் அறை முன்பதிவு இல்லாமல் போகவேண்டாம்.

எந்தத் திசையில் ஓட்டுவது என்பது அடுத்த கேள்வி. காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால் போர்தோவிலிருந்து துலூஸ் நோக்கி ஓட்டுவதே என் பரிந்துரை. துலூஸ் பக்கம் சில நாட்களில் ‘ஓதான்’ என்ற தென்கிழக்குக் காற்று எதிரே பலமாக வீசும். அப்படி வீசினால் அன்றைய தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

3. விசாவும் காகிதங்களும்

வேண்டியது பிரான்ஸுக்கான ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான விசா. பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கும்போது பயணத்துக்குக் குறைந்தது 15 நாளாவது மீதி இருக்கவேண்டும். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், சிலருக்கு 45 நாள் வரை இழுக்கும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, அதோடு விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பிரான்ஸ்-விசாஸ் என்ற அரசு இணையதளத்தில் படிவத்தை நிரப்பிவிட்டு மையத்தில் நேரம் வாங்கவேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு. ஜூன் பயணமென்றால் பிப்ரவரியிலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

சைக்கிள்காரர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் ஒன்று உண்டு. எல்லா இரவுகளுக்கும் தங்குமிடச் சான்று கேட்பார்கள். நமக்கோ ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு ஊர். “கூடாரம் அடிப்பேன்” என்று எழுதினால் போதாது. இப்படிச் செய்யுங்கள்:

- ஒரு பக்க அட்டவணை: தேதி, புறப்படும் ஊர், சேரும் ஊர், கிலோமீட்டர், தங்கும் இடத்தின் பெயரும் முகவரியும்.
- ஒவ்வொரு வரிக்கும் நேரான முன்பதிவுச் சீட்டு, அதே வரிசையில். முகாம் இடங்களும் மின்னஞ்சலில் உறுதிச்சீட்டு அனுப்புவார்கள், கேட்டு வாங்குங்கள்.
- முகப்புக் கடிதத்தில், இது சைக்கிள் பயணம், அதனால்தான் தினமும் இடம் மாறுகிறது என்று இரண்டு வரியில் தெளிவாக எழுதுங்கள்.
- சைக்கிள் வாடகை உறுதிச்சீட்டு இருந்தால் அதையும் சேருங்கள். கதை முழுமையாகத் தெரியும்.

ரத்து செய்தால் பணம் திரும்பும் அறைகளையே பதிவு செய்யுங்கள். விசா தாமதமானால் தேதியை மாற்றவேண்டி வரும்.

அடுத்தது காப்பீடு. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும் செல்லவேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது இது: பல பயணக் காப்பீடுகளில் “சாகச விளையாட்டுகளுக்குப் பொருந்தாது” என்று ஒரு விதி இருக்கும், அதில் சைக்கிள் பயணத்தைச் சேர்த்திருப்பார்கள். பணம் கட்டும் முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் எழுத்தில் கேட்டு, பதிலைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

சொந்த சைக்கிளைக் கொண்டுபோகிறீர்களா? விலை உயர்ந்த சைக்கிளாக இருந்தால், கிளம்பும் விமான நிலையத்தில் சுங்கத்துறையிடம் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது “வெளிநாட்டில் வாங்கியதா” என்று வரி கேட்கமாட்டார்கள். பில்லும், ஃபிரேம் எண் தெரிகிற மாதிரி ஒரு புகைப்படமும் கையில் இருக்கட்டும். இதற்காக விமான நிலையத்துக்கு வழக்கத்தைவிட ஒரு மணி நேரமாவது முன்னால் போகவேண்டும்.

4. சைக்கிளைக் கொண்டுபோவதா, வாடகைக்கு எடுப்பதா?

இரண்டு வாரத்துக்குக் குறைந்த பயணமென்றால் வாடகைக்கு எடுங்கள். விமானத்தில் பெட்டிக்குக் கட்டும் பணம், பிரித்து மாட்டும் நேரம், பாரிஸில் பெட்டியை இழுத்துக்கொண்டு நடப்பது எல்லாம் சேர்த்துப் பார்த்தால் வாடகையே லாபம். நல்ல பயண சைக்கிள் ஒரு நாளைக்குச் சுமார் 20 முதல் 30 யூரோ, மின்சார சைக்கிள் அதைவிட ஏறத்தாழ இரு மடங்கு. ஒரு நகரத்தில் எடுத்து இன்னொரு நகரத்தில் விடலாம். அதற்குத் தனிக் கட்டணம் இருக்கும். பைகளும் பூட்டும் பஞ்சர் சாமானும் வாடகையில் சேர்ந்ததா என்று முன்பே கேளுங்கள்.

இங்கே பலர் மாட்டிக்கொள்கிற இடம் முன்பணம். வாடகைக் கடைகள் சில நூறு யூரோவிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் கார்டில் பிடித்து வைக்கும். என்னிடம் ஒரு கடையில் டெபிட் கார்டையும் அந்நியச் செலாவணி கார்டையும் வாங்க மறுத்துவிட்டார்கள், கிரெடிட் கார்டுதான் வேண்டும் என்றார்கள். ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து, வரம்பையும் பார்த்துவிடுங்கள்.

சொந்த மின்சார சைக்கிளைக் கொண்டுபோகும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். சைக்கிள் பேட்டரிகள் அதைவிடப் பல மடங்கு பெரியவை. அடுப்புக்கான கேஸ் சிலிண்டரும் அப்படித்தான், போர்தோவில் வாங்கிக்கொள்ளலாம்.

டயர் 35 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் நிம்மதி. பிளேன் மர வேர்கள் தாரைத் தூக்கிவிட்டிருக்கும் இடங்கள் நிறைய. நிழலில் அவை கண்ணுக்குத் தெரியாது. பைகளின் கொக்கிகள் கழன்று விழுவதும் ஸ்போக் உடைவதும் அங்கேதான்.

5. ரயிலில் சைக்கிள்

பாரிஸிலிருந்து போர்தோவுக்கு டிஜிவி அதிவேக ரயில் இரண்டு மணி நேரத்தில் போய்விடும். முழு சைக்கிளை அதில் ஏற்ற, சைக்கிள் இடம் உள்ள ரயிலாகப் பார்த்து, டிக்கெட் எடுக்கும்போதே அதற்கும் சேர்த்துப் பதிவு செய்யவேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. அந்த இடங்கள் மிகக் குறைவு, கோடையில் சீக்கிரம் தீர்ந்துவிடும். பிரித்துப் பைக்குள் போட்டால் சாமானாக ஏற்றலாம், ஆனால் பையின் அளவுக்கு வரம்பு உண்டு. டிக்கெட் பக்கத்தில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போர்தோ, அஜான், துலூஸ் ஊர்களை இணைக்கும் டெர் என்ற உள்ளூர் ரயில்கள்தான் உங்கள் உண்மையான துணை. சைக்கிளுக்குப் பெரும்பாலும் கூடுதல் பணம் இல்லை. இடம் இருந்தால் ஏற்றிக்கொள்வார்கள். காலை, மாலை வேலைநேர ரயில்களைத் தவிர்த்துவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை வராது. பைகளைக் கழற்றிவிட்டுத்தான் சைக்கிளைத் தூக்கி மாட்டமுடியும். ரயில் வருவதற்கு முன்பே கழற்றி வைத்திருங்கள்.

6. எந்தக் கரையில் இருக்கிறீர்கள் என்று தெரிந்திருங்கள்

நான் சொல்வதில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். வரைபடத்தில் கால்வாய், ஆறு, ரயில் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுவதுபோலத் தெரியும். ஆனால் காஸ்தேயிலிருந்து அஜான் வரை கால்வாய் ஆற்றின் இடது கரையில். ரயிலும் மார்மாந்து, தொனான்ஸ், எகியோன் போன்ற ஊர்களும் வலது கரையில். அஜானில்தான் கால்வாய் 539 மீட்டர் நீளமுள்ள கல்பாலத்தின் மேல் ஆற்றைக் கடந்து வலது கரைக்கு வருகிறது. ஆற்றுக்கு மேலே கால்வாய் ஓட, அதன் ஓரத்தில் நீங்கள் ஓட்டிப் போவீர்கள். அவசரப்படாமல் இறங்கி நின்று பாருங்கள்.

இதன் நடைமுறைப் பொருள்: அஜானுக்கு முன்னால், மழையோ உடல்நலக் குறைவோ வந்து ரயிலைப் பிடிக்க நினைத்தால், கால்வாயை விட்டு ஆற்றுப் பாலத்தைக் கடக்கவேண்டும். உதாரணமாக மார்மாந்து நிலையம் கால்வாயிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர், அந்தப் பாலத்துச் சாலையில் லாரிகள் ஓடும். அஜானுக்கு அப்புறம் கவலை இல்லை. வலான்ஸ் தஜான், முவாசாக், காஸ்தெல்சராசான், கிரிஸோல் என்று நிலையங்கள் கால்வாய்க்குப் பக்கத்திலேயே வரும்.

ஆகவே முதல் பாதிக்குக் குறைந்த தூரமும் உறுதியான தங்குமிடமும் வையுங்கள். இரண்டாம் பாதியில் விருப்பப்படி நீட்டிக்கொள்ளலாம். நான் சொல்லக்கூடிய பிரிப்பு இது, தூரங்கள் தோராயமானவை:

- போர்தோ – சோவ்தேர்: 55 கி.மீ. நடுவில் கிரெயோன் ஊரின் பழைய ரயில் நிலையத்தில் ஓய்வெடுக்கலாம்.
- சோவ்தேர் – மெயான்: 35 கி.மீ. மேடுகள் இந்த நாளில் மட்டும்தான்.
- மெயான் – புஸே: 40 கி.மீ. வழியில் லு மா தஜெனே ஊர்த் தேவாலயத்தில் 1631இல் ரெம்பிராண்ட் வரைந்த சிலுவை ஓவியம் இருக்கிறது. கட்டாயம் மேட்டில் ஏறிப் பாருங்கள்.
- புஸே – அஜான்: 30 கி.மீ. அரை நாள்தான். மீதி நேரம் துணி துவைக்க, பொருள் வாங்க.
- அஜான் – முவாசாக்: 45 கி.மீ.
- முவாசாக் – மோந்தெக்: 20 கி.மீ. காலையில் முவாசாக் மடாலயத்தின் தூண்களைப் பார்த்துவிட்டு நிதானமாகக் கிளம்பலாம்.
- மோந்தெக் – துலூஸ்: 43 கி.மீ. கடைசிப் பகுதி தொழிற்பேட்டைகளும் நெடுஞ்சாலைச் சத்தமும். பாதை மட்டும் தனியாகவே போகும்.

7. தங்குமிடம்

நகராட்சி முகாம் இடங்களில் ஒருவருக்கு ஒரு கூடாரத்தோடு 10 முதல் 20 யூரோ. வெந்நீர்க் குளியல் இருக்கும். வீடுகளில் அறை வாடகைக்கு விடுவது இந்தப் பக்கம் அதிகம். இருவருக்குக் காலை உணவோடு 65 முதல் 100 யூரோ. ‘அக்கே வேலோ’ என்ற முத்திரை இருக்கும் இடங்களைத் தேடுங்கள். பாதையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கும், சைக்கிளைப் பூட்டி வைக்க இடமும் சிறு பழுது பார்க்கச் சாமானும் தருவார்கள்.

வீட்டு அறைகளில் மாலை வரும் நேரத்தை முன்பே சொல்லச் சொல்வார்கள். ஏழு மணிக்குமேல் ஆகுமென்றால் கட்டாயம் தொலைபேசியில் சொல்லுங்கள். சாவியோடு காத்திருப்பது ஹோட்டல் ஊழியர் இல்லை, அந்த வீட்டுக்காரர். கால்வாய்க் கரையிலேயே கூடாரம் அடிக்கவேண்டாம்.

8. சாப்பாடும் தண்ணீரும்

நம் ஊரில் எந்த நேரத்திலும் டீக்கடை ஒன்று திறந்திருக்கும். இங்கே மூடியிருக்கும். மதியச் சாப்பாடு 12 முதல் 2 வரை, இரவு 7.30 முதல் 9 வரை. 2.15க்குப் போய் நின்றால் அடுப்பு அணைந்துவிட்டது என்பார்கள். ஞாயிறு மதியத்துக்குமேல் கடைகள் மூடல். திங்கள்கிழமை சிற்றூர்களில் ரொட்டிக்கடையும் உணவகமும் பல இடங்களில் திறக்கவே திறக்காது. சனிக்கிழமையே இரண்டு நாளுக்கு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். இது வாத்துக்கறி ஊர். சாலட் என்று போட்டிருப்பதில் வாத்தின் ஈரலும் இரைப்பையும் இருக்கும். ஆட்டுப்பால் சீஸ் சாலட்டில்கூடப் பன்றிக்கறித் துண்டுகளைத் தூவித் தருவதுண்டு. “சான் வியாந்து, சான் புவாசோன், சான் லார்தோன்” என்று சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்: கறி வேண்டாம், மீன் வேண்டாம், பன்றித் துண்டு வேண்டாம். முன்பதிவு செய்யும்போதே எழுதிவிட்டால் வீட்டு அறைக்காரர்கள் அக்கறையாகச் சமைத்துத் தருவார்கள்.

சமைத்துக்கொள்கிறவர்களுக்கு இந்தப் பள்ளத்தாக்கு சொர்க்கம். மார்மாந்துத் தக்காளி, அஜான் உலர் பிளம்ஸ், செப்டம்பரில் முவாசாக்கின் ஷாஸ்லா திராட்சை. சூப்பர் மார்க்கெட்டில் டப்பாவில் வேகவைத்த கொண்டைக்கடலையும் பருப்பும் கிடைக்கும். ஒரு சிறு பொட்டலம் சாம்பார் பொடியும் கொஞ்சம் பெருங்காயமும் இருந்தால் இரவுச் சாப்பாடு முடிந்தது.

தண்ணீருக்கு ஒரு வழி: கல்லறைத் தோட்டங்கள். ஒவ்வொரு கிராமத்திலும் உண்டு, அநேகமாக எல்லாவற்றிலும் குழாய் இருக்கும். “நோன் பொத்தாப்ல்” என்ற பலகை இருந்தால் மட்டும் குடிக்காதீர்கள். மதகு வீடுகளை நம்பவேண்டாம், பல பூட்டிக் கிடக்கின்றன.

9. பாதையில் கவனிக்க வேண்டியவை

வலது பக்கம் ஓட்டவேண்டும். கால்வாயில் பழகிவிடும், ஆனால் ஊருக்குள் திரும்பும்போதும் காலையில் முதலில் கிளம்பும்போதும் கை தானாக இடப்பக்கம் இழுக்கும். பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருபவருக்கே முன்னுரிமை. அது ஒரு சின்னச் சந்திலிருந்து வந்தாலும் அப்படித்தான்.

மணி, முன்பின் விளக்கு, பிரதிபலிப்பான்கள் கட்டாயம். இருட்டிய பின்னும் வெளிச்சம் குறைந்த நேரத்திலும் ஊருக்கு வெளியே ஒளிரும் சட்டை அணியவேண்டும். தலைக்கவசம் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சட்டப்படி கட்டாயம், பெரியவர்களும் போடுங்கள். காதில் இயர்போன் மாட்டி ஓட்டினாலும் போனைக் கையில் பிடித்து ஓட்டினாலும் 135 யூரோ அபராதம். அவசரத்துக்கு 112.

பாலங்களுக்கு அடியில் பாதை குறுகி, எதிரே வருபவர் தெரியாமல் வளையும். ஒவ்வொன்றிலும் மணி அடியுங்கள். ஒரு பக்கம் தண்ணீர், தடுப்பு கிடையாது. பாதை அவ்வப்போது பாலம் ஏறி மறுகரைக்குப் போகும். இந்தப் பாதையின் எண்ணான வி80 என்று எழுதிய பச்சைப் பலகையைப் பார்த்துக்கொண்டே போங்கள்.

10. செலவு

விமானமும் விசாவும் தவிர, கூடாரத்தில் தங்கிச் சமைத்துச் சாப்பிட்டால் ஒருவருக்கு நாளொன்றுக்கு 30 முதல் 40 யூரோ. இருவர் அறை எடுத்து, மதியம் ஒருவேளை மட்டும் உணவகத்தில் சாப்பிட்டால் ஆளுக்கு 70 முதல் 90. மதிய உணவகச் சாப்பாடு 15 முதல் 20 யூரோ; இரவில் அதே இடத்தில் அதைவிடக் கூடும், அதனால் மதியமே வயிறாரச் சாப்பிடுவது புத்திசாலித்தனம். வாடகை சைக்கிள் இதற்கு மேல். கையில் 50 யூரோவாவது சில்லறை நோட்டாக இருக்கட்டும். வீட்டு அறைக்காரர்களில் கார்டு வாங்காதவர்கள் உண்டு.

11. துலூஸில் முடிக்கும்போது

கால்வாய்ப் பாதையே உங்களைத் துலூஸ் மாதாபியோ ரயில் நிலையத்தின் வாசல்வரை கொண்டுவிடும். வாடகை சைக்கிளை விடும் கடை ஞாயிறும் திங்களும் மூடியிருக்கலாம், அதனால் சேரும் நாளைச் செவ்வாய்க்கும் சனிக்கும் இடையில் அமையுங்கள். கழுவித் துடைத்துக் கொடுங்கள். கொடுக்கும்போது எல்லாப் பக்கமும் படம் எடுத்து, முன்பணத்தை விடுவித்ததற்கு ஒரு சீட்டு வாங்குங்கள்.

சொந்த சைக்கிள் என்றால் அட்டைப்பெட்டி வேண்டும். சைக்கிள் கடைகள் பழைய பெட்டியை இலவசமாகவே தருவார்கள், ஆனால் கேட்ட உடனே இருக்காது. மோந்தெக்கில் இருக்கும்போதே இரண்டு மூன்று கடைகளுக்குப் போன் செய்து ஒன்றை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அதோடு அகலமான டேப் ஒரு சுருள். பெடலைக் கழற்றும் ஸ்பேனர் உங்களிடம் இல்லையென்றால் அதே கடையில் கழற்றித் தரச் சொல்லுங்கள். விமான நிலையத்தில் அதற்கு யாரும் உதவமாட்டார்கள்.